7 வாரம் ஆகுது, மீன் வாடையே ஆக மாட்டேங்குது. என்னதான் சாப்பிடுறது?

தங்கச்சிமடம் பொண்ணு | மே 9, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். நாள் தள்ளிப் போயிருக்கு, மாசமா இருக்கேன், இப்ப 7 வாரம். எனக்கு இது முதல் தடவை.

எங்க வீட்டுல மீன் இல்லாத நாளே கிடையாது. சின்னப் புள்ளையில இருந்து அம்மா கூட உக்காந்து மீன் ஆய்ஞ்சு வளந்தவ நான். இப்ப அந்த வாடை தெருமுனையில வரும்போதே ஓங்கரிக்குது. மீன்பிடித் தடைக்காலம்ங்கிறதால வீட்டுக்காரர் படகு கரையிலதான் நிக்குது. ஜூன் 14 வரைக்கும் வருமானம் கிடையாது. அப்படியும் அத்தை நாட்டுப்படகுக்காரவுககிட்ட கூடுதல் காசு குடுத்து மீன் வாங்கிட்டு வந்து, "புள்ளைக்காக ரெண்டு வாய் தின்னுத்தா"ங்கிறாக. பாசத்துலதான் சொல்றாக. அதான் மறுத்துப் பேச வாய் வர மாட்டேங்குது. தின்னா அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துருது.

தயிர்ச்சோறு, பொரி, உப்புப் போட்ட மாங்கா, இது மூணும்தான் வயித்துல நிக்குது. 51 கிலோ இருந்தேன், இப்ப 50. நான் சாப்பிடாததால புள்ளைக்கு மூளை வளராமப் போயிருமோன்னு ராத்திரி தூக்கமே இல்ல. விவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க.

பாம்பன் மதினி | மே 9, இரவு 11.15

முதல்ல கண்ணத் தொட. எனக்கு மூணு புள்ளைக. மூத்தவனுக்கு 4 மாசம் வரைக்கும் கஞ்சித் தண்ணியும் நார்த்தங்கா ஊறுகாயும்தான் உள்ள போச்சு. இன்னைக்கு அவன் என்ன விட ஒரு முழம் உசரம்.

காலையில எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, படுத்த வாக்குலயே ஒரு கை பொரி தின்னு. கால் மணி நேரம் அப்படியே கெட. அப்புறமா எந்திரி. வெறும் வயித்தோட எந்திரிச்சாத்தான் பித்தம் கெளம்பும். நான் பாசி எடுக்கப் போறவ, விடியிறதுக்குள்ள தண்ணியில இறங்கணும். பொரிதான் என்னக் காப்பாத்துச்சு.

அத்தைகிட்ட மீனை வேணாம்னு சொல்லாத, மனசு சங்கடப்படும். கொல்லையில அடுப்பு வச்சு ஆக்கச் சொல்லு. அவுக தின்னட்டும். உனக்குத் தனியா ஒரு கஞ்சி.

தேவிபட்டினம் செல்வி | மே 10, காலை 7.20

இப்ப ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும். ஒரு தோசைக்கு ரெண்டு தோசையா வம்படியா உள்ள தள்ளுங்க. பப்பாளி, அன்னாசி, எள்ளு மூணையும் கண்ணாலகூடப் பாக்காதீங்க. பால்ல குங்குமப்பூ போட்டுக் குடிங்க, புள்ளை செவப்பாப் பொறக்கும். எங்க அப்பத்தா சொல்லி நாங்க எல்லாரும் கடைப்பிடிச்சது.

மண்டபம் நர்ஸம்மா | மே 10, மதியம் 2.05

நான் கிராம சுகாதாரச் செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ. மண்டபத்துல இருந்து உச்சிப்புளி வரைக்கும் எத்தனையோ வீட்டு வாசல்ல இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

தங்கச்சி, 7 வாரத்துல உன் புள்ளை 1 செ.மீ. அளவுதான் இருக்கும். 12 வாரத்துல கூட ஏறக்குறைய 14 கிராம்தான். அதுக்கு இப்ப ரெண்டு ஆள் சாப்பாடு தேவையே இல்ல. முதல் 3 மாசத்துல சாதாரணமா சாப்பிடுற அளவே போதும். 4-ஆம் மாசத்துக்கு மேலதான் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 கலோரி கூடுதலா வேணும். அதாவது ரெண்டு இட்லி சாம்பார், ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். அவ்வளவுதான். ஆக வம்படியாத் தள்ளுறது இப்ப வாந்தியத்தான் கூட்டும்.

மூளை பத்தின பயம். மீன்ல இருக்கிற ஒமேகா 3 கொழுப்பு மூளைக்கும் கண்ணுக்கும் வேணும்ங்கிறது உண்மை. ஆனா புள்ளை அதை அதிகமாச் சேத்து வைக்கிறது கடைசி 3 மாசத்துல. இப்ப மீன் இறங்கலன்னா எதுவும் கெட்டுப் போகாது. இந்த வாரத்துல புள்ளைக்கு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அவசியமா வேண்டியது போலிக் அமிலம், தினம் 400 மைக்ரோகிராம். கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலையில எல்லாம் அந்தச் சத்து இருக்கு. ஆனா கொதிக்க வைக்கும்போது நிறைய அழிஞ்சிரும். அதனாலதான் மாத்திரை. சின்ன மாத்திரை, வாடை கிடையாது, வயித்தப் புரட்டாது. இதை மட்டும் ஒரு நாளும் விடாத.

செல்வி, கோவிச்சுக்காதம்மா. காய்ப் பப்பாளியில பால் இருக்கு, அதை ஒதுக்குறது சரி. நல்லாப் பழுத்த பப்பாளியும் ரெண்டு துண்டு அன்னாசியும் அளவாச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. மனசு ஒப்பலன்னா விட்டுரு, கொய்யாவும் நெல்லிக்காயும் இருக்கு. எள்ளு சட்னிக்கும் பொடிக்கும் போடுற அளவுல நல்லதுதான். குங்குமப்பூ நிறத்தை மாத்தாது. அந்தக் காசுக்கு ஒரு மாசத்துக்கு முட்டை வாங்கலாம்.

வயித்துல நிக்கிறதுக்கு வழி: 2 மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா. சோத்தோட தண்ணி குடிக்காம, அரை மணி நேரம் விட்டுக் குடி. ஆறுன சாப்பாட்டுல வாடை குறைவு, அதனாலதான் தயிர்ச்சோறு உனக்கு ஒத்துக்குது. அதுல கொஞ்சம் பாசிப்பருப்பைக் கொழைய வேக வச்சுச் சேத்துக்க. தோல் சீவுன இஞ்சியத் தட்டிப் போட்டு ஒரு வாய் வெந்நீர். பல்லு விளக்குறதைச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு வச்சுக்க. பிரஷ் உள்ள போகும்போதே பாதிப் பேருக்கு வருது.

எப்ப பயப்படணும்னும் சொல்லிடுறேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணிகூட நிக்கலன்னா, ஒண்ணுக்கு கொஞ்சமா அடர் மஞ்சளாப் போச்சுன்னா, எந்திரிச்சா கிறுகிறுன்னு வந்தா, எடை 5 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா (உனக்கு ரெண்டரை கிலோ) அன்னைக்கே ஆஸ்பத்திரி. "மசக்கை அப்படித்தான் இருக்கும்"னு யார் சொன்னாலும் வீட்டுல கெடக்காத. குளுக்கோஸ் ஏத்துனா தீரக்கூடிய விசயத்தை இழுத்து விட்டு மோசமாக்குனதை நான் பாத்திருக்கேன்.

தங்கச்சிமடம் பொண்ணு | மே 10, மாலை 6.30

நர்ஸம்மா, படிச்சிட்டு அழுதுட்டேன். ஒண்ணு கேக்கணும். போலிக் மாத்திரை 6 வாரம் முடிஞ்சப்புறம்தான் ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னாடி எனக்கே தெரியாது மாசமா இருக்கேன்னு. பிந்திப் போச்சா?

மண்டபம் நர்ஸம்மா | மே 10, இரவு 8.50

உண்மையச் சொல்றேன், பயப்படாமக் கேளு. தண்டுவடக் குழாய் மூடுறது கரு உண்டாகி 28 நாளுக்குள்ள, அதாவது பல பொண்ணுகளுக்கு நாள் தள்ளிப் போனதே உறுதியாகாத நேரம். அதனாலதான் புள்ளை வேணும்னு நினைக்கும்போதே, குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும்ங்கிறோம். ஆனா முன்னாடியே போடாதவங்கள்லயும் மிகப் பெரும்பாலானவங்களுக்கு நல்ல புள்ளைதான் பொறக்குது. 12 வாரம் வரைக்கும் விடாமப் போடு. 18-20 வாரத்துல ஒரு ஸ்கேன் எடுப்பாங்க, அதுல தண்டுவடத்தைத் தனியாப் பாப்பாங்க. அதைத் தவற விடாத.

புதுசாக் கல்யாணம் ஆனவங்க யாராவது படிச்சுக்கிட்டு இருந்தா, தயவுசெஞ்சு இந்த ஒரு மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிங்க.

கீழக்கரை லாத்தா | மே 10, இரவு 9.30

என் மகளுக்கும் இதே மாதிரிதான். நெய்ச்சோறு, கறி எதையும் கிட்டக் கொண்டு போக முடியல. கடைசியில கை குடுத்தது நோன்புக் கஞ்சிதான். கறி போடாம, பச்சரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், இஞ்சி பூண்டு, கடைசியில ஒரு கை தேங்காப்பால். கொழகொழன்னு ஆற வச்சு, சின்னக் கோப்பையில மூணு நாலு தடவை குடிச்சா. நோன்பு மாசத்துக்குத்தான்னு இல்ல, மசக்கைக்கே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு. கூடவே பால் ஊத்திக் காச்சுன கடல்பாசி, குளிரக் குளிர ரெண்டு துண்டு. வாய்க்கு இதமா இருந்துச்சு.

இன்னொண்ணு. இவ போன நோன்பப்பதான் புள்ளை உண்டானா. வாந்தியோட நோன்பு வைக்கணும்னு பிடிவாதம். மார்க்கமே மாசமா இருக்கிறவங்களுக்குச் சலுகை குடுத்திருக்கு, பின்னாடி கழா (விட்ட நோன்பை வேற நாள்ல வைக்கிறது) வச்சுக்கலாம்னு நான்தான் சொல்லி நிறுத்துனேன். உம்மாமார்கள் இதை எடுத்துச் சொல்லணும். புள்ளைக தானா விட மாட்டாங்க, குத்தம் மாதிரி நினைக்கிறாங்க.

ராம்நாடு ராசா | மே 11, காலை 6.10

என் சம்சாரத்துக்கு 10 வாரம். வீட்டுச் சமையல் இப்ப நான்தான். ரெண்டு சந்தேகம். எங்க வீட்டுல வாலிநோக்கம் பக்கத்துல இருந்து சொந்தக்காரங்க குடுக்கிற கல்லுப்புத்தான், மூட்டையா வந்துரும். அது பரவாயில்லையா? ரெண்டாவது, ரத்தம் ஊறும்னு வாரம் ரெண்டு நாள் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்குறேன். சரிதானா?

மண்டபம் நர்ஸம்மா | மே 11, காலை 11.40

ராசா தம்பி, சமைக்கிற கைக்கு முதல்ல நன்றி. ரெண்டும் முக்கியமான கேள்வி.

உப்பு. கடலோரத்துல இருக்கோம், உப்புல அயோடின் தானா இருக்கும்னு நம்ம ஜனம் நினைக்குது. கிடையாது. கடல் தண்ணியக் காய வச்சு எடுக்கிற உப்புல அயோடின் மிகக் கொஞ்சம்தான். பாத்தியில இருந்து நேரா வர்ற மூட்டை உப்புல யாரும் அயோடின் கலக்கிறது இல்ல. சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், மாசமா இருக்கிறவங்களுக்கு 250. முதல் 3 மாசம் புள்ளைக்குத் தைராய்டு சுரப்பு முழுக்க முழுக்க அம்மாகிட்ட இருந்துதான் போகணும், அந்தச் சுரப்பு இல்லாம மூளை வளராது. மீன் சாப்பிடும்போது கொஞ்சம் அயோடின் அதுல வந்துரும். மசக்கையில மீனும் நின்னு, உப்பும் மூட்டை உப்புன்னா ரெண்டு பக்கமும் அடைபட்டுப் போச்சு. அயோடின் கலந்ததுன்னு அச்சடிச்ச பாக்கெட் உப்பு வாங்குங்க. மூடி போட்ட டப்பாவுல வச்சு, கொழம்பு இறக்கப் போகும்போது போடுங்க. மூட்டை உப்பைக் கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் வச்சுக்கங்க. அயோடின் உப்பும் அதிகம் வேண்டாம், மாத்துறதுதான் முக்கியம், கூட்டுறது இல்ல. (தங்கச்சிமடம் தங்கச்சி, உன் மாங்காயில போடுற உப்பும் இந்தப் பாக்கெட் உப்பா இருக்கட்டும்.)

ஈரல். இதுல உங்களை நிறுத்தணும். ஈரல்ல இரும்பு இருக்கு, ஆனா விட்டமின் ஏ ரொம்ப அதிகம். முதல் 3 மாசத்துல அது அளவுக்கு மீறினா கருவைப் பாதிக்கும். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் அதே கதைதான். சுவரொட்டி வேற. அது மண்ணீரல், அதுல இரும்பு நிறைய, விட்டமின் ஏ தொந்தரவு கிடையாது. அதை உள்ள வரைக்கும் நல்லா வேக வச்சுக் குடுங்க. முட்டையும் அப்படித்தான், ஆஃப் பாயில் வேண்டாம். மஞ்சக்கரு கெட்டியாகணும்.

உப்பூர் மருமக | மே 11, இரவு 10.05

நான் எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். என் நாத்தனாருக்கு 11 வாரம். பல்பம் திங்கிறா. ஒளிச்சு வச்சுத் திங்கிறா. மழைத் தண்ணி பட்ட மண் வாசனை வந்தா வாசல்ல போய் நின்னுக்கிறா. வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு "மாசமா இருந்தா எல்லாம் திங்கத் தோணும்"னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. ரத்தம் பாக்கவே இல்ல.

மண்டபம் நர்ஸம்மா | மே 11, இரவு 10.40

நீ எழுதுனது ரொம்ப நல்லதும்மா. மண்ணு, சாம்பல், பல்பம், பச்சரிசி, இதெல்லாம் திங்கணும்னு வெறியா வந்தா நிறையத் தடவை அது இரும்புச்சத்து குறைஞ்சதோட அடையாளம். வெக்கப்பட எதுவும் இல்லன்னு அவகிட்டச் சொல்லு, அவளைத் திட்டாத. நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஹீமோகுளோபின் பாக்கச் சொல்லு. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. 7-க்குக் கீழ போனா பெரிய ஆஸ்பத்திரி வேலை.

உப்பூர் மருமக | மே 13, மாலை 4.15

8.2 வந்திருக்கு. டாக்டர் 12 வாரம் வரைக்கும் காத்திருக்காம இரும்பு மாத்திரை இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்னு சொன்னாங்க. பல்பத்தை அவளே எடுத்துக் குடுத்துட்டா. நன்றி நர்ஸம்மா.

சாயல்குடி பனையேறி மகன் | மே 13, இரவு 8.00

எங்க பக்கம் இப்ப பதநீர் சீசன். கருப்பட்டியில இரும்பு இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே, அந்தப் பொண்ணுக்குக் கருப்பட்டிப் பாகு குடுக்கலாமே? நானே அனுப்பி வைக்கிறேன்.

மண்டபம் நர்ஸம்மா | மே 14, காலை 9.25

உங்க மனசுக்கு நன்றி. சீனிக்குப் பதிலாக் கருப்பட்டி நல்லதுதான். ஆனா 8.2-ஐ 11 ஆக்குற அளவுக்கு அதுல இரும்பு இல்ல, சக்கரை சக்கரைதான். மாத்திரைய விட்டுட்டுக் கருப்பட்டிய நம்புற வீடுகளைப் பாத்துத்தான் இதைச் சொல்றேன். முருங்கைக்கீரை, கம்பு, தட்டப்பயறு, சுவரொட்டி, இதோட எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேந்தாத்தான் உடம்பு இரும்பை இழுக்கும். சாப்பிட்ட கையோட டீ, காப்பி குடிச்சா அது தடுத்துரும், ஒரு மணி நேரமாவது விடணும். நுங்கும் இளநீரும் தாராளமாக் குடுங்க, இந்த வெயிலுக்கு வாந்தி எடுக்கிற புள்ளைகளுக்கு அது தேவை. பதநீர்னா சுத்தமான பானையில அன்னைக்கு இறக்குனதா இருக்கணும்.

பாம்பன் மதினி | மே 14, இரவு 9.10

தண்ணி பத்தி யாரும் பேசலையே. எங்க தெருவுல ஊத்துத் தண்ணி உப்புக் கரிக்கும். காவிரித் தண்ணி வராத நாள்ல குடம் காசு குடுத்து வாங்குறோம், கட்டுப்படி ஆகலன்னா அந்த உப்புத் தண்ணியவே குடிக்கிறோம்.

மண்டபம் நர்ஸம்மா | மே 14, இரவு 10.00

மதினி, நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க. வங்கதேசக் கடலோரத்துல உப்புத் தண்ணி குடிக்கிற கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் கூடுதலா வர்றதை ஆய்வுல பாத்திருக்காங்க. வீட்டுல நல்ல தண்ணி ஒரு குடம்தான் இருக்குன்னா அது மாசமா இருக்கிறவளுக்கு. காச்சி ஆற வச்சுக் குடுங்க. காச்சுனா கிருமி சாகும், உப்பு போகாது. துணி துவைக்க, பாத்திரம் கழுவ ஊத்துத் தண்ணி போதும்.

தேவிபட்டினம் செல்வி | மே 15, காலை 7.45

நர்ஸம்மா, நான் முதல்ல எழுதுனதுக்கு மன்னிச்சிருங்க. தெரியாமத்தான் சொன்னேன். ஒரு சந்தேகம், மீன் எல்லாமே நல்லதுதானா? பால்சுறா மாசமா இருக்கிறவங்களுக்குக் குடுக்கலாமா? எங்க வீட்டுல புள்ளை பெத்தவளுக்குச் சுறாப்புட்டு இல்லாம முடியாது.

மண்டபம் நர்ஸம்மா | மே 15, மதியம் 1.30

மன்னிப்பு எதுக்கும்மா, நீ அப்பத்தா சொன்னதைச் சொன்ன.

மீன் விசயம் நம்ம ஊர்க்காரங்களுக்குச் சுலபமாப் புரியும். கடல்ல பாதரசம் இருக்கு. சின்ன மீன் உடம்புல துளி சேருது. ஆயிரம் சின்ன மீனைத் தின்ன பெரிய மீன் உடம்புல அத்தனையும் சேருது, பல வருசம் உசுரோட இருக்கிறதால இன்னும் கூடுது. அது புள்ளையோட நரம்பைப் பாதிக்கும். அதனால சுறா, மயில்மீன், பெரிய நெய்மீன், பெரிய சூரை வேண்டாம். நெத்திலி, சாளை, சூடை, காரல், நகரை, கிழங்கான், முரல் எல்லாம் தாராளமா. கிழங்கான் லேசா செரிக்கும், காய்ச்சல்காரனுக்கே குடுக்கிற மீன். வாரத்துக்கு ரெண்டு மூணு வேளை போதும்.

பால்சுறா சின்ன வகைச் சுறாதான், பெரிய சுறா அளவுக்குப் பாதரசம் இருக்காது. ஆனாலும் சுறாவை மாசமா இருக்கும்போது தவிர்க்கச் சொல்றோம், பால் குடுக்கும்போதும் அதேதான். பால் ஊறுறது புள்ளை எவ்வளவு சப்புதோ அதைப் பொறுத்தது. அந்தப் புட்டுல போடுற பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம் எல்லாத்தையும் வச்சு நெத்திலியில செஞ்சு குடுங்க. ருசி மாறும், பாசம் மாறாது.

பாம்பன் மதினி | மே 15, இரவு 8.20

சுறாப்புட்டு விசயம் மட்டும் எனக்கு மனசு ஒப்பல நர்ஸம்மா, எங்க ஆத்தா மூணு பேறுக்கும் குடுத்தாக. ஆனா பெரிய மீன் சின்ன மீனைத் தின்னுதுன்னு சொன்னீங்க பாருங்க, அது உண்மைதான். மக பேறுகாலத்துக்கு நெத்திலிப் புட்டு செஞ்சு பாக்குறேன்.

தங்கச்சிமடம் பொண்ணு | மே 19, மாலை 5.50

போன வாரம் வாந்தி அதிகமாகி, சனிக்கிழமை தண்ணிகூட நிக்கல. நர்ஸம்மா சொன்னது ஞாபகம் வந்து அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ட்டோம். ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க, வாந்திக்கு மாத்திரை குடுத்தாங்க. ஹீமோகுளோபின் 10.4. அங்கயே பதிவு பண்ணி பிக்மி எண்ணும் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கியாச்சு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 ரூபாய், அதுல 14,000 பணம், மீதிக்கு ரெண்டு தடவை ஊட்டச்சத்துப் பெட்டகம்னு சொன்னாங்க. 12 வாரத்துக்குள்ள பதியணுமாம், இன்னும் பதியாதவுக போயிருங்க.

அத்தையும் கூட வந்தாக. டாக்டரம்மாகிட்ட அவுகளே கேட்டாக, "மீன் திங்காட்டி புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதாம்மா"ன்னு. ஆகாதுன்னு டாக்டரம்மா வாயால கேட்டதும் அத்தை என் கையப் புடிச்சுக்கிட்டாக. இப்ப லாத்தா சொன்ன கஞ்சிதான் தினமும். லாத்தா, வெந்தயம் ஒரு தேக்கரண்டி போதும்தானே? கொஞ்சம் கசக்குது.

கீழக்கரை லாத்தா | மே 19, இரவு 9.00

அரைத் தேக்கரண்டி போதும்மா. தேங்காப்பால் கூட ஒரு கை விடு.

தங்கச்சிமடம் பொண்ணு | ஜூன் 13, இரவு 7.35

12 வாரம் முடிஞ்சிருச்சு. எடை 50.5. இன்னைக்குப் பக்கத்து வீட்டுல காரல் சொதி வச்சாக. வாடை வந்துச்சு, ஓங்கரிக்கல. எனக்கே நம்ப முடியாம வாசல்ல போய் நின்னேன். ஒரு கிண்ணம் குடுத்தாக, சோத்துல ஊத்தி முழுசாச் சாப்பிட்டேன். அத்தை பாத்துக்கிட்டே நின்னாக, ஒண்ணும் சொல்லல.

இரும்பு மாத்திரையும் சுண்ணாம்பு மாத்திரையும் குடுத்திருக்காங்க. எப்ப எப்ப போடணும்?

மண்டபம் நர்ஸம்மா | ஜூன் 13, இரவு 8.15

சந்தோசம் தங்கச்சி. ரெண்டையும் சேத்துப் போடாத, ஒண்ணை ஒண்ணு தடுக்கும். சுண்ணாம்பு மாத்திரை காலையும் மதியமும் சாப்பாட்டோட, 14 வாரத்துல இருந்து. இரும்பு மாத்திரை ராத்திரி, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எலுமிச்சை ஜூஸோட, பாலோட வேண்டாம். வெளிக்கி கறுப்பாப் போகும், பயப்படாத. மலம் இறுகினா தண்ணியும் கீரையும் கூட்டு, மாத்திரைய நிறுத்தாத. குடற்புழு மாத்திரை ஒண்ணு குடுப்பாங்க, இனிமே அதைப் போடலாம்.

பாம்பன் மதினி | ஜூன் 13, இரவு 9.40

நாளையோட தடை முடியுது. படகு போய்த் திரும்புனதும் நெத்திலி வரும். ரெண்டு கூறு ஆய்ஞ்சு கழுவி உங்க அத்தைகிட்டக் குடுத்து விடுறேன். தலையக் கிள்ளிட்டு முள்ளோட தின்னு.